காளிமுத்து வீட்டுப் பம்பளிமாஸ்

இதனால் மலாக்கா மாநிலத் தமிழ்ப் பெருமக்களுக்கும், ஆலயத் திருக்கூட்டத்தாருக்கும், அண்டை மாநிலங்களிலிருந்து வர வசதியுள்ள அன்பர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: ஆலயத் தலைவரும், ஓய்வுபெற்ற தோட்டத்துப் பெரிய கிராணியும், பி.ஜே.கே. விருதாளருமான திருவாளர் காளிமுத்து அவர்கள், தம் துணைவியார் மனமுவந்து வழங்கிய சிறுநீரகத்தோடு ஓராண்டை வெற்றிகரமாக நிறைவு செய்வதை முன்னிட்டு, அடுத்த மாதம் மூன்றாம் ஞாயிறு காலை அவரது புக்கிட் பெருவாங் இல்லத்தில் 'மறுபிறவிப் பெருவிழா' நடைபெறும். விழா நாயகர் 'மாற்றுச் சிறுநீரகமும் மருந்து ஒழுக்கமும்' என்னும் தலைப்பில் சிறப்புரை ஆற்றுவார். வருகை தரும் அனைவருக்கும், அவர் தம் கையால் நட்டு வளர்த்த மரத்தின் பம்பளிமாஸ் பழம் பிரசாதமாக வழங்கப்படும்.

துணைவியாரின் பெயர் அறிவிப்பில் இல்லை. இடம் போதவில்லை என்று ஆலயச் செயலாளர் அங்கமுத்து பிறகு வருத்தம் தெரிவித்தார். அவள் பெயர் மோகனா.

அடுப்படியில் நின்று அந்த அறிவிப்பை அவள் கைப்பேசியில் படித்துக்கொண்டிருந்த மாலையில்தான் முதன்முதலாக அந்தச் சத்தம் கேட்டது. மழை அப்போதுதான் விட்டிருந்தது. கார் நிறுத்துமிடத்துத் தகரக் கூரையிலிருந்து நீர் சொட்டுவதும், தெருமுனையில் ரொட்டிக்காரனின் ஹார்னும், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் யாரோ ஒருத்தி சீனத்தில் அழுவதும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டுக்கொண்டிருக்க, எல்லாவற்றுக்கும் அடியில், மெல்லிசாக, நிற்காமல், குளிரில் யாருக்கோ பல் கிட்டுவதுபோலக் கிணிகிணிகிணி என்று ஒன்று. அவள் அடுப்பை அணைத்தாள். சத்தம் நிற்கவில்லை. ஐஸ் பெட்டியில் காதை வைத்துப் பார்த்தாள். அதுவும் இல்லை. கூடத்தை எட்டிப் பார்த்தாள்.

காளிமுத்து நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இடது கையில் தேநீர்க் கோப்பை, அடியில் தட்டு. கோப்பை தட்டின்மேல் ஆடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. அந்தக் கை வேறு யாருடையதோ என்பதுபோல் அமைதியாகப் பக்கத்தைத் திருப்பினார்.

"கை நடுங்குதுங்க."

"கை நடுங்கல. நீ கோப்பைய சரியா வெக்கல."

முப்பது வருடக் குடித்தனத்தில் அந்த வீட்டில் நடந்த தவறுகள் அனைத்தும் இப்படித்தான் உடனுக்குடன் விசாரித்து முடிக்கப்பட்டன.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளில், இளம் டாக்டர் ஒருவர் இருவரையும் உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கியிருந்தார். உடம்புக்கு ஒரு ஜாகா, அதாவது காவல்காரன், உண்டு. வாசலில் நின்று, தெரியாத முகம் வந்தால் அடித்துத் துரத்துவது அவன் வேலை. அந்த ஜாகாவுக்கு மோகனாவின் சிறுநீரகமும் தெரியாத முகம்தான். அவனைத் தூங்கவைக்கத்தான் இந்த மருந்து. மருந்து குறைந்தால் ஜாகா விழித்துக்கொள்வான், சிறுநீரகம் போய்விடும். கூடினால் அதுவே விஷம், அப்போதும் சிறுநீரகம் போய்விடும், ஆளும் போகலாம். கை நடுக்கம், ஓயாத தலைவலி, கண் மங்கல், முகத்தில் முடி, ஈறு வீக்கம், இரத்த அழுத்தம் எது வந்தாலும் உடனே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். மோகனா ஒவ்வொன்றையும் மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். காளிமுத்து, ஜாகா உவமை நன்றாக இருக்கிறது, கூட்டத்தில் பயன்படுத்தலாம் என்றார்.

சைக்ளோஸ்போரின் என்று பெயர். விழுங்கும் நேரம்வரை அதை ஈயத்தாளுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். தாளைக் கிழித்ததும் ஒரு நெடி எழும்: மழையில் ஊறிய ரப்பர் ஒட்டுப்பால் மூட்டையின்மேல் யாரோ ஸ்பிரிட்டை ஊற்றியதுபோல. முதல் சில மாதங்கள் அந்த நெடி மருந்தோடு வந்து மருந்தோடு போனது. இப்போது போவதில்லை. அவர் தலையணையில் இருந்தது, துண்டில் இருந்தது, அவர் பேசும்போது சொற்களோடு சேர்ந்து வந்தது. கதவைத் திறந்துகொண்டு அவர் வருவதற்கு முன்பே அது வந்து கூடத்தில் உட்கார்ந்துகொண்டது.

மருந்து விஷயத்தில் காளிமுத்துவைக் குறை சொல்ல முடியாது. தோட்டத்தில் கிராணியாக விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று வேலையாட்களின் பெயர் கூப்பிட்டுக் கணக்கெழுதிய மனிதர். "பெரட்டுக்கு ஒரு நாள் லேட்டா போனவன் இல்ல நான்," என்பார், காலையும் இரவும், கடிகாரத்தைப் பார்த்தபடி, மாத்திரையை விபூதிபோல் ஏந்திக்கொண்டு. ஒழுக்கத்தில் ஒரு நிமிடம் பிசகாது.

பிசகியது வேறு இடத்தில்.

மருந்துக் கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் மோகனாவிடம் குனிந்து, "ஆன்ட்டி, கிரேப்ஃப்ரூட் தா போலே. லீமாவ் பாலி பூன் சாமா. ஜாங்கான் மாக்கான்," என்று சொல்லியிருந்தாள். பம்பளிமாஸும் அதே இனம்தான், சாப்பிடவே கூடாது. மருந்தின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். அந்நேரம் காளிமுத்து நடைபாதையில் நின்று, தம் உடல்நலம் பற்றி ஆலய வாட்சாப் குழுவுக்குக் குரல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்.

வீட்டு மூலையில் இருந்த மரம் அதுவரை ஒழுங்காகக் காய்த்ததே இல்லை. அவர் ஆபரேஷன் முடிந்து வந்த வருடம், சொல்லிவைத்ததுபோல், கிளை முறியக் காய்த்தது. குழந்தையின் தலையளவு காய்கள். சன்னலுக்கு வெளியே இலை மறைவில் தொங்கிக்கொண்டு, வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்ப்பவைபோல. காற்றில்லாத மாலைகளில்கூட ஒன்று காம்பறுந்து தகரக் கூரையில் தொம்மென்று விழும். பிறகு உருளும் சத்தம். விளிம்புவரை வந்து, யோசித்து, சிமெண்டுத் தரையில் இன்னொரு தொம்.

"அது சாப்புடக் கூடாதாங்க. அந்த மருந்துக் கவுண்டர் பொண்ணு சொன்னிச்சி."

"கிரேப்ஃப்ரூட்டுன்னுதான் சொன்னாங்க. அது வெள்ளக்காரன் பழம். நம்ம பசார்ல அத நீ பாத்திருக்கியா?"

"லீமாவ் பாலியும்னு…"

"உனக்கு மலாய் அரகுறை. இது நம்ம மரம். உரம் கிடையாது, மருந்து அடிச்சது கிடையாது. பத்து வருஷம் தண்ணி ஊத்தி வளத்திருக்கேன், அது எனக்கு விஷம் வெக்குமா?"

கேட்டுப் பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது. அவர் சொல்வது எதுவும் கேட்கும்போது நியாயமாகவே இருக்கும். அன்று முதல் மாலை பூஜையில் ஒரு பழம் சாமிக்கு முன் வைக்கப்பட்டது. பூஜை முடிந்ததும் அது பிரசாதம். பிரசாதத்தைச் சாப்பிட வேண்டாம் என்று அவரிடம் சொல்ல மோகனாவுக்கு நாக்கு எழவில்லை. அந்தப் பெண் உண்மையில் அப்படித்தான் சொன்னாளா என்று இரவெல்லாம் யோசித்தாள். யோசிக்க யோசிக்க அந்த வாய் அசைவது மட்டும் நினைவில் நின்றது. குரல் கரைந்துபோனது.

பிறகு அவர் முகம் மாறத் தொடங்கியது.

முதலில் காது மடல். பிறகு கன்னத்தின் மேற்பகுதியில், கண்ணுக்குச் சற்றுக் கீழே, பூனையின் வயிற்று முடிபோல மெல்லிசான கறுப்பு. நெற்றியிலும் இறங்கியது. காளிமுத்து கண்ணாடியில் திருப்தியோடு பார்த்துக்கொண்டார். "இளம திரும்புது," என்றார். அங்கமுத்துவும் பார்த்துவிட்டு, "பத்து வயசு கொறஞ்சிட்டீங்க தலைவரே," என்றார். அடுத்து ஈறு. ஒவ்வொரு நாளும் ஒரு மயிரிழை. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே சிவந்த சதை சின்னச் சின்ன மொட்டாக இறங்கி, பல்லை மெல்லப் போர்த்திக்கொண்டு வந்தது. அவர் சிரித்தால் இப்போது வெள்ளை தெரிவதில்லை.

மோகனாவுக்கு இடுப்பின் இடது பக்கம் வலித்தது. தையல் போட்ட இடம் அல்ல. அதற்கும் உள்ளே, ஒன்றுமே இல்லாத அந்த இடம். மாலையில் அவர் சுளை உரிக்கும்போது வலிக்கும். தோலைக் கீறும்போது அறையெங்கும் பரவும் அந்தக் கசப்பு வாசனை மூக்கில் ஏறியதும், அவளுக்குள் இல்லாத ஒன்று சுருண்டுகொள்ளும்.

மாதாந்தர இரத்தப் பரிசோதனையை அவள் கோயிலுக்கு நேர்ந்துகொண்டதுபோல் எதிர்பார்த்திருந்தாள். அங்கே தெரிந்துவிடும். அங்கே இரத்தம் பேசும். பரிசோதனை நாளில் மட்டும் மாத்திரையைக் கையில் கொண்டு வந்து, இரத்தம் எடுத்த பிறகு விழுங்க வேண்டும் என்பது கட்டளை. ஆயர் குரோ சாலை விளக்கில் கார் நின்றபோது காளிமுத்துவின் கைக்கடிகாரம் கீச்சிட்டது. ஈயத்தாள் கிழியும் சத்தம் கேட்டது. நெடி காரை நிறைத்தது.

"ஐயோ, இன்னிக்கு முன்னாடி முழுங்கக் கூடாதுங்க!"

"நேரம்னா நேரம் மோகனா. பெரட்டுக்கு லேட்டா போயிட்டு தொரைகிட்ட காரணம் சொல்ற ஆள் இல்ல நான்."

அன்று வேறொரு டாக்டர். கணினியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். மோகனா நாற்காலி விளிம்புக்கு நகர்ந்தாள்.

"ரொம்ப ஏறி இருக்கே. சார், மருந்து சாப்புட்டுட்டா வந்தீங்க?"

"கரெக்ட் டைமுக்கு."

"அதான் பாத்தேன். இந்த ரீடிங்க வெச்சு ஒன்னும் சொல்ல முடியாது. திங்கக்கெழம சாப்புடாம வாங்க, திரும்ப எடுக்கலாம். வேற ஏதாவது? மூலிகை, கசாயம்?"

"அந்த அறியாமையெல்லாம் நம்ம வீட்ல கெடையாது டாக்டர். நம்ம தோட்டத்துப் பழம், காய்கறி. அவ்வளவுதான்."

கிருமித் தொற்றுக்குப் பயந்து அவர் முகமூடி போட்டிருந்தார். முடியும் ஈறும் அதன் பின்னால் இருந்தன. கைகளை, தோட்டத்தில் நிற்பதுபோல், முதுகுக்குப் பின்னால் கோத்து நின்றார். பிரஷர் ஏறியிருந்தது, ஆஸ்பத்திரியைப் பார்த்தாலே ஏறும் என்று அவரே விளக்கம் சொன்னார். மோகனா வாயைத் திறந்தாள். "டாக்டர், பம்…" என்றாள். "தேங்க்யூ டாக்டர்," என்று காளிமுத்து அவள் தோளில் கைவைத்துக் கதவுப் பக்கம் திருப்பினார். அந்தக் கை அவள் தோளில் படபடவென்று அடித்துக்கொண்டது, கூண்டுக்குள் பறவைபோல.

வீட்டுக்கு வந்ததும் அவர் தூங்கும் நேரம் பார்த்துப் பழங்களை ஒவ்வொன்றாகச் சாக்கில் போட்டு, பின்பக்கச் சாக்கடையில் உருட்டிவிட்டாள். வேர்த்துக் கொட்ட நிமிர்ந்தபோது பக்கத்து வீட்டுச் சீன அம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வாசலில் மணி அடித்தது. அத்தனை பழங்களும், குழாயடியில் தேய்த்துக் கழுவி, கூடையில் பளபளவென்று.

"ஆன்ட்டி, யூ ப்புனியா லீமாவ் ஜாத்தோ லா. சாயாங்."

கீழே விழுந்துவிட்டதாம், பாவமாம். காளிமுத்து அவளுக்கு இரண்டு பழம் கொடுத்து வாழ்த்தி அனுப்பினார்.

மகள் அகல்யாவுக்கு ஜொகூருக்குப் போன் போட்டாள்.

"மா, கிளினிக்குக்கு கால் பண்ணு லா. சும்மா பயந்துட்டே இருக்காத."

"நீ அப்பாகிட்ட சொல்லுடி. எம்பேச்சு எடுபடல."

"சொன்னேன் மா. எல்லாம் ஓக்கேன்னு அரை மணி நேரம் பேசுனாரு. சண்டே காலைல வந்து நானே பாக்கறேன். கார்ல தூக்கிப் போட்டு எமர்ஜென்சிக்கே கூட்டிட்டுப் போறேன், சரியா?"

கிளினிக்குக்கும் அடித்தாள். நெடுநேரம் மணி அடித்து, யாரோ எடுத்து, "ஹலோ" என்றதும், அவள் தோளுக்குப் பின்னால் அந்த நெடி வந்து நின்றது. போன் அவள் கையிலிருந்து மென்மையாக எடுக்கப்பட்டது.

"கூட் ஆஃப்டர்னூன். மிஸ்டர் காளிமுத்து ஹியர். நோ, நோ, நோ ப்ராப்ளம் அட் ஆல். மை வைஃப் ஈஸ் எ வொரியர். தேங்க்யூ."

அவளைப் பார்த்துச் சிரித்தார். சிவப்பு.

சனிக்கிழமை மாலை கெமா கட்டும் ஆட்கள் கம்பம் நட்டுவிட்டுப் போனார்கள். வெள்ளைத் துணிக் கூரை வீட்டு வாசலில் இறங்கி, உள்ளே வந்துகொண்டிருந்த வெளிச்சத்தைப் பால்போலக் கலக்கியது. தலை வலிக்கிறது, விளக்கு வேண்டாம் என்றார் காளிமுத்து. அவள் அடுப்படியில் மறுநாளைக்குப் பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் சுளை உரியும் சத்தம். தோல் கிழிந்தது. சவ்வு கிழிந்தது. பிறகு ஈரமான மெல்லும் சத்தம். சப்சப்பென்று. பல் இல்லாத வாய் மெல்லும் சத்தம்.

எட்டிப் பார்த்தாள்.

நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

காளிமுத்துவின் சட்டை. காளிமுத்துவின் வேட்டி. முகம் இருந்த இடத்தில் முடி. வாய் இருந்த இடத்தில் சதை திறந்து மூடியது. இரண்டு கைகளும் மடியில் துள்ளிக்கொண்டிருந்தன. பழச்சாறு முழங்கைவரை வழிந்து மின்னியது. அது அவளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்து மென்றது.

"என்னாங்க."

மெல்லுவது நின்றது.

"மோகனா," என்றது அவர் குரல். "நாளைக்கு மைக்கு ரெண்டா சொல்லு."

"இப்பவே ஆஸ்பத்திரி போயிருவோங்க. கெஞ்சிக் கேக்கறேன். தலவலி இப்படி இருக்கக் கூடாதுன்னு சொன்னாங்க."

"திங்கக்கெழம."

"எம்மேல கொஞ்சமாவது…"

"திங்கக்கெழம. விழா முடியட்டும். ஊரே வருது."

அவர் காலில் விழுந்தாள். அவர் அவள் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். கை அவள் உச்சியில் நடுங்கிக்கொண்டே இருந்தது.

ஞாயிறு. பதினோரு மணி வெயில். கெமா நிரம்பியிருந்தது. நாற்காலிகள் சாலைவரை. இருமும் குழந்தைகள், மூக்கை உறிஞ்சும் மாமன்மார்கள், ஒவ்வொருவரும் தலைவரைத் தொட்டுக் கும்பிட்டார்கள். ஒவ்வொருவர் கையிலும் காகிதத் தட்டு, தட்டில் உரித்த சுளைகள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மோகனாவின் மடியிலும் ஒரு தட்டு. கைப்பேசி அதிர்ந்தது. அகல்யா. ஆயர் குரோ டோலுக்கு முன்னால் நெரிசல், நகரவே இல்லை மா, இதோ வந்துடுறேன்.

அங்கமுத்து பொன்னாடை போர்த்தினார். காளிமுத்து எழுந்தார். தலைப்பாகை கன்னத்து முடியைப் பாதி மறைத்திருந்தது. கூட்டத்துக்கு அது கம்பீரமாகத் தெரிந்திருக்க வேண்டும், கைதட்டினார்கள்.

"அன்பார்ந்த பெருமக்களே. ஒழுக்கம். மருந்து ஒழுக்கம். முதலாவது, நேரம். நான் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. இரண்டாவது, டாக்டரிடம் எதையும் மறைக்கக் கூடாது."

கைதட்டல்.

"மூன்றாவது, உணவு. நம் உடம்பில் ஒரு ஜாகா இருக்கிறான். அவனை…"

நிறுத்தினார்.

மைக்கில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. ஒலிபெருக்கிகள் எல்லாவற்றிலும். இழுத்தது. விட்டது.

"யாருப்பா லைட்ட அடச்சது?"

வெயில் வெள்ளைத் துணியில் கொதித்துக்கொண்டிருந்தது. கூட்டம் சிரித்தது. தலைவர் வேடிக்கையாகப் பேசக்கூடியவர்.

"அங்கமுத்து. லைட்ட தொற."

"தொறந்தாச்சு தலைவரே!" என்று அங்கமுத்து கத்தினார். இன்னும் பெரிய சிரிப்பு.

மோகனா எழுந்தாள். தட்டு கவிழ்ந்தது. அவர் கண்கள் திறந்திருந்தன. அகல. அவற்றில் வெயில் இருந்தது, துணி இருந்தது, கூட்டம் சின்னதாக இருந்தது. அவர் இல்லை. முகம் மரியாதையான சிரிப்போடு ஒரு கம்பத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"மோகனா?"

முப்பது வருடத்தில் ஒரு கூட்டத்திலும் அவர் சொல்லாத பெயர். எல்லா ஒலிபெருக்கிகளிலும் வந்தது.

"மோகனா. நீ எங்க இருக்க? இருட்டா இருக்கு."

"இங்கதாங்க. இந்தா, இங்க."

பிடித்தாள். கை கேட்கவில்லை. விரல்கள் அவள் விரல்களை உதறி உதறி எதையோ தேடின. வாயின் ஒரு ஓரம் மெல்ல மேலேறியது. யாரோ நூல் கட்டி இழுப்பதுபோல. ஏறியது. நிற்கவில்லை. சிவந்த சதை முழுதும் தெரிந்தது. மைக் அவர் கையில் ஆடி, மோதிரத்தில் மோதி, மோதி, மோதி.

கிணிகிணிகிணிகிணி.

அந்தச் சத்தம். அதே சத்தம். இப்போது தெரு முழுக்க.

"டாக்டர் யாராவது இருக்கீங்களா? ஆம்புலன்ஸ்! ஐயா, யாராச்சும்!" அவள் குரலை மைக் வாங்கவில்லை. பின்வரிசையில் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் கனமெல்லாம் அவள்மேல் சாய்ந்தது. நெடி. பழச்சாறு. அவர் அடிவயிற்றில், வேட்டிக்கு மேலே, அவள் கொடுத்தது இருக்கும் இடத்தில், அவள் உள்ளங்கை அழுந்தியிருந்தது. கீழே ஏதோ துடித்தது. அவர் முகம் அவள் தோளில். திறந்த கண்கள் இமைக்காமல் வெயிலைப் பார்த்தன. கூரைமேல் எங்கோ தொம்மென்று ஒன்று விழுந்தது. உருளத் தொடங்கியது.

பழம் நல்ல இனிப்பு என்று எல்லோரும் சொன்னார்கள்.